ஒரே நாளில் ஜோகூர் பாரு, மலாக்கா: சிங்கப்பூரிலிருந்து போய்வர முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கும் ஜோகூர் பாருவுக்கும் நடுவே இருக்கும் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். 1923-இல் அதன்மேல் ரயில் ஓடத் தொடங்கியது, 1924-இல் முறைப்படி திறப்பு விழா நடந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தச் சின்னத் தூரம்தான் இந்தப் பயணத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. காலியான நேரத்தில் இரு நாட்டுச் சோதனைச்சாவடிகளையும் அரை மணி நேரத்தில் கடந்துவிடலாம். பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையில் காரில் மூன்று மணி நேரம்கூட ஆகும்.

அதனால் எங்கே சாப்பிடுவது, எந்தக் கடைத்தொகுதிக்குப் போவது என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். அதிலிருந்து பின்னோக்கி வந்தால் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எந்த ஊர் சரிப்படும், எத்தனை இடம் பார்க்க முடியும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

விடுப்பு எடுக்க முடிந்தால் வாரநாளில் போங்கள். காரணம் எளிது. ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் விடியும் முன்பே இந்தப் பக்கம் வருகிறார்கள், மாலையில் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். நீங்கள் காலையில் போய் மாலையில் வருபவர். இரண்டு வேளையும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் பயணம் செய்கிறீர்கள். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் நல்ல நாள்கள்.

வார இறுதியில்தான் முடியும் என்றால், ஞாயிற்றுக்கிழமையை விட சனிக்கிழமை மேல். ஞாயிறு மாலை, வார இறுதியைக் கழிக்கப் போன அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்புவார்கள். வெள்ளி மாலை புறப்படுவதும், நீண்ட வார இறுதியின் முதல் நாள் காலை புறப்படுவதும் ஒரு நாள் பயணத்துக்குக் கொஞ்சமும் ஒத்துவராது. உச்ச நாள்களில் உட்லண்ட்ஸ், துவாஸ் இரண்டு சாவடிகளையும் சேர்த்து 5 லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். மலேசியப் பள்ளி விடுமுறை, ஜோகூர் மாநிலப் பொது விடுமுறை இரண்டையும் நாள்காட்டியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நம் நாள்காட்டியில் சாதாரணமாக இருக்கும் திங்கள், அங்கே விடுமுறையாக இருக்கலாம்.

பழைய ஆலோசனைகள் பலவற்றில் “ஜோகூரில் ஞாயிறு வேலைநாள், அன்று போனால் கூட்டம் இருக்காது” என்று இருக்கும். 2014 முதல் அங்கே வெள்ளி, சனி விடுமுறையாக இருந்தது உண்மைதான். 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டார்கள். அந்த ஆலோசனையை இனி மறந்துவிடலாம்.

படி 2: ஆவணங்கள்

இதில் அவசரம் கூடாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் எல்லாருடைய கடவுச்சீட்டையும் எடுத்து மேசையில் வையுங்கள். குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி வேண்டும். குழந்தைகளின் கடவுச்சீட்டு ஐந்தாண்டு என்பதால் நாம் கவனிக்காமலே முடிந்துபோயிருக்கும்.

அடுத்து, யாருக்கு எது தேவை என்பது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்குக் கடவுச்சீட்டு மட்டும் போதும். மற்றவர்கள், அதாவது இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகள், வேலை அனுமதி, சார்ந்தோர் அனுமதி வைத்திருப்பவர்கள், மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்பினால்தான் ஏற்றுக்கொள்வார்கள். மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையத்தளத்தில் இது முற்றிலும் இலவசம். பணம் கட்டச் சொல்லும் பக்கம் வந்தால் அது இடைத்தரகர் பக்கம், உடனே மூடிவிடுங்கள். நிரப்பியதும் வரும் மின்னஞ்சலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. சாவடிக்குள் இணையம் தகராறு செய்வது வழக்கம்.

இந்தியக் குடிமக்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 30 நாள் வரை விசா விலக்கு இருக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டுள்ளது. ஆனால் இதில் ஒரு கண்ணி உண்டு. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள், அவர்களையும் ஒரு நாள் மலேசியா அழைத்துப் போகலாம் என்று ஆசைப்படுவோம். மலேசியாவுக்குள் நுழைவது சுலபம். திரும்பி சிங்கப்பூருக்குள் வர அவர்களுடைய சிங்கப்பூர் விசா இடம் தருகிறதா என்பதுதான் கேள்வி. ஒருமுறை நுழைவு விசாவா, பலமுறை நுழைவு விசாவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பலமுறை நுழைவு என்றாலும், திரும்பும்போது அவர்கள் சிங்கப்பூர் வருகை அட்டையைப் புதிதாக நிரப்ப வேண்டும். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் நீண்டகால அனுமதி உள்ளவர்களும் தரைவழியாகத் திரும்பும்போது அதை நிரப்பத் தேவையில்லை, வருகையாளர்களுக்கு அது கட்டாயம். மலேசியாவுக்குப் போய்வந்தால் சிங்கப்பூரில் தங்கும் நாள் தானாகக் கூடிவிடும் என்று எண்ணிக்கொண்டு போகவும் கூடாது. எத்தனை நாள் தருவது என்பது அதிகாரியின் முடிவு.

உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளில் இப்போது கடவுச்சீட்டுக்குப் பதிலாக, சிங்கப்பூர்க் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் மைஐசிஏ செயலியில் வரும் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கலாம். 2024 மார்ச்சில் கார் பயணிகளுக்கு இது தொடங்கியது. குடும்பமாகப் போகும்போது எல்லாருடைய விவரத்தையும் ஒரே குறியீட்டில் சேர்த்துவிட்டால் வேலை வேகமாக முடியும். அதற்காகக் கடவுச்சீட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், அந்தப் பக்கம் அதைக் கேட்பார்கள்.

படி 3: எதில் கடப்பது

பேருந்து

பெரும்பாலானவர்களுக்கு இதுதான் வழி. கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து 170எக்ஸ், உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்திலிருந்து 950, ஜூரோங் ஈஸ்டிலிருந்து 160, குவீன் ஸ்திரீட்டிலிருந்து 170 புறப்படுகின்றன. காஸ்வே லிங்க் நிறுவனத்தின் மஞ்சள் பேருந்துகள் கிராஞ்சி, குவீன் ஸ்திரீட், நியூட்டன், ஜூரோங் ஈஸ்ட் பக்கங்களிலிருந்து ஓடுகின்றன. 170-உம் குவீன் ஸ்திரீட் மஞ்சள் பேருந்தும் ஜோகூர் பாருவின் லார்க்கின் பேருந்து முனையம் வரை போகும். ஊருக்குள் மட்டும் சுற்றப் போகிறீர்கள் என்றால் ஜோகூர் சாவடி வரை போகும் பேருந்தே போதும்.

முதல்முறை போகிறவர்களுக்காக நடப்பதைச் சொல்கிறேன். உட்லண்ட்ஸ் சாவடியில் எல்லாரும் இறங்க வேண்டும், பையையும் கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பேருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. குடிநுழைவை முடித்துக் கீழே வந்ததும் அதே எண் கொண்ட அடுத்த பேருந்தில் ஏறலாம். பொதுப் பேருந்தில் அட்டையைத் தட்டி ஏறியிருந்தால், இறங்கும்போதும் தட்டுங்கள், அடுத்ததில் ஏறும்போதும் தட்டுங்கள். மஞ்சள் பேருந்தில் டிக்கெட் கொடுத்திருந்தால் அந்தத் துண்டுச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், மறுபடி ஏற அதுதான் ஆதாரம். பாலத்தைத் தாண்டியதும் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம் வரும். மின்படியில் மேலே ஏறினால் மலேசியக் குடிநுழைவு மண்டபம். முடிந்ததும் கீழே இறங்கி மீண்டும் பேருந்து பிடிக்கலாம், அல்லது நேராக நடந்து மேம்பாலம் வழியாக ஜேபி (ஜோகூர் பாரு) சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் அதற்கு எதிரே உள்ள சிட்டி ஸ்குவேர் கடைத்தொகுதிக்கும் போய்விடலாம். நடை கொஞ்சம் நீளம். வயதானவர்கள் கூட வந்தால் கழிப்பறை வேலையைப் புறப்படும் முன்பே முடிக்கச் சொல்லுங்கள், வரிசையில் மாட்டிக்கொண்டால் வெளியே வருவது பெரும்பாடு.

கேடிஎம் ரயில்

என் கணக்கில் வார இறுதிப் பயணத்துக்கு இதைவிட நிம்மதியான வழி இன்றைக்கு இல்லை. மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம் நடத்தும் ‘ஷட்டில் தெப்ராவ்’ என்ற இந்த ரயில் உட்லண்ட்ஸ் ரயில் சாவடியிலிருந்து ஜேபி சென்ட்ரலுக்கு ஐந்தே நிமிடத்தில் போய்விடுகிறது. சாலை எவ்வளவு அடைத்துக்கொண்டிருந்தாலும் இதற்குப் பாதிப்பில்லை. போகும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்ஸிலேயே முடிந்துவிடும். கட்டணத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கிருந்து போக 5 வெள்ளி, அங்கிருந்து வர 5 ரிங்கிட். சிக்கல் டிக்கெட் கிடைப்பதில்தான். சனி, ஞாயிறு டிக்கெட்டுகள் விற்பனைக்கு வந்ததும் பறந்துவிடும். பயண நாள் முடிவானதும் முதல் வேலையாகத் திரும்பும் டிக்கெட்டை வாங்குங்கள். போகும் டிக்கெட் கிடைக்காவிட்டாலும் காலையில் பேருந்தில் போய்க்கொள்ளலாம். மாலையில் உறுதியான இருக்கை கையில் இருப்பதுதான் முக்கியம். புறப்படும் நேரத்துக்கு அரை மணி நேரமாவது முன்னால் நிலையத்தில் இருங்கள், கதவு முன்கூட்டியே மூடப்படும்.

உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜோகூர் பாருவின் புக்கிட் சாகார் வரை 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் என்ற புதிய விரைவு ரயில் பாதை 2026 இறுதியில் தொடங்குவதாகத் திட்டம். ஒரு திசையில் மணிக்கு 10,000 பேர் வரை ஏற்றிச்செல்லும், இரண்டு நாட்டுக் குடிநுழைவும் ஏறும் இடத்திலேயே முடிந்துவிடும். அது வந்து நிலைத்ததும் ஷட்டில் தெப்ராவ் நிறுத்தப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். எனவே நீங்கள் போகும் சமயத்தில் எது ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்தக் கார், டாக்சி

காரில் போவதென்றால் மூன்று விஷயம். ஒன்று, சிங்கப்பூர் எண் கொண்ட கார் தொட்டியில் முக்கால் பங்கு எரிபொருளுடன்தான் வெளியேற வேண்டும். இரண்டு, மலேசியாவின் விஇபி வாகன நுழைவு அனுமதியும் அதன் ஒட்டுவில்லையும் வேண்டும். 2025 ஜூலை 1 முதல் இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். மூன்று, சாலைக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் போதிய பணம். அங்கே பெட்ரோல் போட நேர்ந்தால் ரோன்97 மட்டுமே போட வேண்டும். மஞ்சள் குழாயில் வரும் ரோன்95 வெளிநாட்டு வாகனங்களுக்கு விற்கக் கூடாது என்பது சட்டம். மலாக்கா பக்கம் போகிறவர்கள், மேற்கு வட்டாரத்தில் குடியிருப்பவர்கள் 1998-இல் திறந்த துவாஸ் இரண்டாம் இணைப்பைப் பயன்படுத்துவது நல்லது. சுற்றுப்பாதை போலத் தோன்றினாலும் பெரும்பாலும் நேரம் மிச்சமாகும்.

உரிமம் பெற்ற எல்லைதாண்டும் டாக்சிகள் பான் சான் முனையத்திலிருந்து போகின்றன. “வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை” என்று குழுக்களில் விளம்பரம் செய்யும் உரிமமற்ற கார்களில் ஏறாதீர்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் சாவடிகளில் அவற்றைப் பிடித்துப் பறிமுதல் செய்கிறது. விபத்து நடந்தால் காப்பீடும் கைகொடுக்காது.

படி 4: பணம், கைப்பேசி

கொஞ்சம் ரிங்கிட்டை இங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். கடைத்தொகுதிகளில் அட்டை செல்லும். நெட்ஸ் கியூஆர் செயலியால் அங்குள்ள கடைகளின் டூயிட்நவ் கியூஆர் குறியீட்டுக்கும் பணம் கட்ட முடியும். ஆனால் பழைய ரொட்டிக்கடையிலும் கோயில் வாசல் பூக்கடையிலும் கையில் காசு இருந்தால்தான் வேலை நடக்கும். ஊருக்குள் சுற்ற கிராப் செயலியே போதும், நம் கணக்கு அங்கேயும் வேலை செய்யும்.

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் நிற்கும்போதே கைப்பேசி மலேசிய வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுத் தரவுத் திட்டம் வாங்கவில்லை என்றால், சாவடிக்கு வருவதற்கு முன்பே ரோமிங்கை அணைத்துவிடுங்கள்.

படி 5: எந்த ஊர், என்ன பார்ப்பது

ஒரு நாளைக்கு ஒரே ஊர். ஜோகூர் பாருவில் காலையுணவு, மலாக்காவில் மதிய உணவு என்று திட்டம் போட்டால் நாள் முழுக்கச் சாலையில்தான் கழியும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஜோகூர் பாரு: நடந்தே பார்க்க வேண்டிய பழைய நகரம்

சிங்கப்பூரர்கள் பலருக்கு ஜேபி என்றால் மளிகை, முடிவெட்டு, கார் கழுவுதல். அதில் தவறில்லை. ஆனால் ஜேபி சென்ட்ரலிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் பழைய நகரத்தைப் பார்க்காமலே திரும்புகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது.

காலை ஒன்பது மணிக்குள் சேர்ந்துவிட்டால், சிட்டி ஸ்குவேருக்குப் பின்பக்கமாக ஜாலான் தான் ஹியோக் நீ வீதிக்குப் போங்கள். இரண்டு மாடிக் கடைவீடுகள், நிழலான ஐந்தடி நடைபாதை. அங்கே 1919-இல் தொடங்கிய ஹியாப் ஜூ ரொட்டிக்கடையில் இன்றும் விறகு அடுப்பில்தான் வாழைப்பழக் கேக் சுடுகிறார்கள். வரிசையில் நிற்கும்போதே புகை வாசமும் பழவாசமும் கலந்து வரும், சூட்டோடு பெட்டியில் வைத்துக் கட்டித் தருவார்கள், பெட்டியின் அடிப்பக்கம் கையைச் சுடும். பக்கத்துத் தெருவான ஜாலான் டோபியில் 1937 முதல் இயங்கும் சலாஹுதீன் ரொட்டிக்கடை இருக்கிறது. அங்கே கறிபஃப் வாங்காமல் நகரக் கூடாது.

அங்கிருந்து ஜாலான் துருஸ் வந்தால் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழைய சீனக் கோயில், சற்று நடந்தால் ஜாலான் உங்கு புவானில் இராஜமாரியம்மன் கோயில். 1911-இல் தோன்றிய கோயில். இந்த வட்டாரம்தான் ஜோகூரின் லிட்டில் இந்தியா. பூக்கடை, பாத்திரக்கடை, வாழை இலைச் சாப்பாட்டுக் கடை எல்லாம் இங்கேயே உண்டு. உச்சிவேளையில் கோயில் நடை சாத்தப்படும் என்பதால், சாமி கும்பிட நினைப்பவர்கள் கேக் கடைக்கு முன்பே இங்கு வந்துவிடுங்கள். பிறகு நிதானமாகப் பசியாறலாம்.

மதியத்துக்குப் பிறகு இராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயம். 1922-இல் சிறு வழிபாட்டிடமாகத் தொடங்கி, இந்த நூற்றாண்டில் சுவர், தூண், விதானம் என எங்கு பார்த்தாலும் கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டு மாறிய கோயில் இது. ஏறத்தாழ 3 லட்சம் துண்டுகள் என்கிறார்கள். மலேசிய சாதனைப் புத்தகம் இதை நாட்டின் முதல் கண்ணாடிக் கோயிலாகப் பதிவு செய்திருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கென்று தனி நேரமும் கட்டணமும் உண்டு, அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். ஜேபி சென்ட்ரலிலிருந்து நடக்கும் தூரம்தான். வெயில் உறைத்தால் கிராப்.

கால் இன்னும் தாங்கும் என்றால், நீரிணையைப் பார்த்தபடி மேட்டில் நிற்கும் சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலைப் போய்ப் பாருங்கள். 1892-இல் தொடங்கி 1900-இல் கட்டி முடித்தது. அதன் மினாராக்கள் ஆங்கிலேய மணிக்கூண்டுகளைப் போலவே இருக்கும். அங்கிருந்து பார்த்தால் எதிரே சிங்கப்பூர் தெரியும்.

கடைத்தொகுதியையும் மளிகையையும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பையைச் சுமந்துகொண்டு கோயில் சுற்றுவது சிரமம்.

மலாக்கா: விடியும் முன் கிளம்பினால் மட்டும்

சிங்கப்பூரிலிருந்து மலாக்கா சுமார் 240 கிலோமீட்டர். நேரடிப் பேருந்தில் எல்லை நேரத்தையும் சேர்த்து நான்கு, நான்கரை மணி நேரம் வையுங்கள். காலை ஆறு மணி வாக்கில் புறப்பட்டால் பத்தரைக்குச் சேரலாம், மாலை ஐந்துக்குக் கிளம்பினால் பத்து மணிக்குள் வீடு. ஆக ஊரில் கிடைப்பது ஆறு மணி நேரம். பழைய மலாக்கா சின்ன ஊர் என்பதால் அது போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன், அவர்களோடு ஒரு இரவு தங்குவதுதான் சரி.

நேரடிப் பேருந்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்தப் பேருந்துகள் சாவடியில் உங்களுக்காகக் காத்திருக்கும், ஆனால் வரம்போடுதான். இறங்கும்போது பேருந்தின் எண் பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நிறத்தில் நாலைந்து பேருந்து வரிசையாக நிற்கும்போது அந்தப் படம்தான் உதவும். பக்கத்து இருக்கைக்காரரின் முகத்தையும் நினைவில் வையுங்கள், வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றாலே வழி தவறாது. நேரடிப் பேருந்து கிடைக்கவில்லை என்றால் லார்க்கின் போய், அங்கிருந்து மலாக்கா சென்ட்ரலுக்கு அடிக்கடி கிளம்பும் பேருந்தில் போகலாம். மலாக்கா சென்ட்ரலிலிருந்து பழைய நகரத்துக்கு உள்ளூர்ப் பேருந்து, அல்லது கிராப்.

போனதும் வெயில் ஏறும் முன்பு செயின்ட் பால் குன்றில் ஏறிவிடுங்கள். அடிவாரத்தில் நிற்கும் கோட்டை வாசல்தான் 1511-இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் கட்டிய ‘அ ஃபமோசா’ கோட்டையில் மிஞ்சியது. வாசலின் நெற்றியில் 1670 என்று செதுக்கியிருப்பதை உற்றுப் பாருங்கள். 1641-இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் பழுதுபார்த்துத் தங்கள் கம்பெனி முத்திரையோடு பொறித்தது அது. மேலே 1521-இல் எழுப்பிய தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. புனித சவேரியாரின் உடல் 1553-இல் கோவாவுக்குக் கொண்டுபோகப்படும் முன் சில மாதங்கள் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. வாசலில் உள்ள அவருடைய சிலைக்கு வலக்கை இருக்காது.

மறுபக்கம் இறங்கினால் செந்நிற டச்சுச் சதுக்கம். பழைய டச்சு நகர மண்டபமான ஸ்டட்ஹைஸ் கட்டடமும் 1753-இல் முடிந்த கிறிஸ்து தேவாலயமும் அங்கே. நடுமதியத்தில் ஸ்டட்ஹைஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுங்கள், வெயிலுக்கும் இதம், ஊரின் கதையும் புரியும். திங்கட்கிழமையைத் தவிர்ப்பது நல்லது, அன்று அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை.

அப்புறம் ஆற்றைத் தாண்டி ஜாலான் துக்காங் எமாஸ். மலாக்காவில் ஒரே ஒரு தெருவுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இந்தத் தெருவுக்குப் போங்கள். 1781-இல் டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் மலாக்காச் செட்டிகள் கட்டிய பொய்யாத மூர்த்தி விநாயகர் கோயில், நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. நாலு எட்டு வைத்தால் 1748-ஆம் ஆண்டுக் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சீனக் கோபுரம் போல அடுக்கடுக்கான மினாரா. இன்னும் கொஞ்சம் போனால் 17-ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். மூன்றும் ஒரே வரிசையில். 2008 ஜூலையில் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனோடு சேர்த்து மலாக்காவை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததற்கு இந்தத் தெருவும் ஒரு காரணம்.

நேரம் இருந்தால் கிராப் பிடித்து காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போங்கள். சுல்தான்கள் காலத்தில் வணிகத்துக்கு வந்து, இங்குள்ள பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் வாழும் குடியிருப்பு. வீட்டில் பேசுவது மலாய், உடுத்துவது கெபாயா, கும்பிடுவது மாரியம்மனையும் விநாயகரையும். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மொழி கைவிட்டுப் போனபின்பும் சாமியைக் கைவிடாத மக்கள். அங்கே அவர்களுடைய சிறு அருங்காட்சியகமும் இருக்கிறது. வீடுகள் காட்சிப்பொருள் அல்ல, படம் எடுக்கும் முன் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை தமிழர்கள் மலாக்கா போவதற்கு ஜோங்கர் வீதியைவிட இது பெரிய காரணம்.

ஜோங்கர் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில்தான் களைகட்டும். அதைப் பார்க்க நின்றால் நள்ளிரவுக்குப் பிறகே வீடு திரும்ப முடியும். ஒரு நாள் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள். பகலில் அந்தத் தெருவில் பனைவெல்லம் ஊற்றிய செண்டோல் ஒரு கிண்ணம் குடித்துவிட்டு நகரலாம். சைவச் சாப்பாட்டுக்கு ஜாலான் பெண்டஹாரா பக்கமுள்ள லிட்டில் இந்தியாவில் வாழை இலைக் கடைகள் உண்டு.

படி 6: திரும்பும் வழி

வாரநாளில் ஜேபியிலிருந்து மாலை எப்போது கிளம்பினாலும் பெரிய தொல்லை இருக்காது. சனி, ஞாயிறில் இரண்டு வாய்ப்புதான். மாலை நான்குக்கு முன் சாவடிக்குள் நுழையுங்கள், இல்லாவிட்டால் இரவு உணவை அங்கேயே முடித்து நிதானமாக வாருங்கள். இடைப்பட்ட நேரத்தில் வரிசையில் நிற்பது வீண். பேருந்து நகராதபோது சிலர் பாலத்தில் இறங்கி நடந்தே வருவார்கள். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் அதைச் செய்யாதீர்கள், மோட்டார்சைக்கிள்கள் உரசிக்கொண்டு போகும். கிராஞ்சி, உட்லண்ட்ஸ் பக்கத்தில் கடைசி எம்ஆர்டி எத்தனை மணிக்கு என்பதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

சுங்கத்தில் பலர் தடுமாறுவது ஜிஎஸ்டி விஷயத்தில். 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்தவருக்கு 100 வெள்ளி மதிப்புள்ள பொருள் வரைதான் விலக்கு. அதற்கு மேல் உள்ள தொகைக்கு 9 விழுக்காடு வரி. வேலை அனுமதி, சார்ந்தோர் அனுமதி, மாணவர் அனுமதி, நீண்டகால வருகை அனுமதி வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. வாங்கியது சின்னத் தொகை என்றாலும் ரசீதை வைத்திருந்து, சுங்கத்துறையின் செயலியில் கட்டிவிட்டு வந்தால் நிம்மதி. மலேசியாவிலிருந்து வரும்போது மதுபானத்துக்குத் தீர்வை விலக்கு இல்லை. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் இல்லை, ஒரு பெட்டி என்றாலும் அறிவிக்க வேண்டும். சூயிங்கமும் மின்சிகரெட்டும் கொண்டுவரவே கூடாது. இறைச்சி, முட்டை, செடிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு, வாங்கும் முன் சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளத்தையும், செடிகளுக்குத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தையும் பாருங்கள். வாழைப்பழக் கேக்குக்குத் தடையில்லை.

கடவுச்சீட்டு தொலைந்துவிட்டால்

முதலில் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்குங்கள். அது இல்லாமல் அடுத்த எந்த வேலையும் நடக்காது. சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு ஜோகூர் பாருவிலேயே தூதரகம் இருக்கிறது, இந்தியக் குடிமக்கள் கோலாலம்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ள வேண்டும். அவசர உதவிக்கு மலேசியாவில் 999. வீட்டை விட்டுக் கிளம்பும் முன் எல்லாருடைய கடவுச்சீட்டின் முதல் பக்கத்தையும் அனுமதி அட்டையையும் படம் எடுத்து, கூட வராத ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். பை திருட்டுப்போகும்போது கைப்பேசியும் சேர்ந்தே போய்விடும், அப்போது அவரிடமிருந்துதான் அந்தப் படம் கிடைக்கும்.